நாயக்கர் படையும் நம் தரைப்படையும்

1529இல் கிருஷ்ணதேவராயர் மறைந்தபோது, அடுத்து அரியணை ஏற வேண்டிய அச்சுதராயர் சந்திரகிரிக் கோட்டையில் காவலில் இருந்தார். திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கோட்டை அது. வெளியே வந்தவர் நேரே விஜயநகரம் போகவில்லை. திருமலையில் ஒரு முடிசூட்டு, காளஹஸ்தியில் இன்னொன்று, அதன் பிறகே தலைநகரம். கிருஷ்ணதேவராயரின் மருமகன் ராமராயர் மறைந்த மன்னரின் கைக்குழந்தையை முன்னிறுத்திக் காய் நகர்த்திக்கொண்டிருந்ததால் வந்த அவசரம். அந்த இடைக்காலத்தில் அரியணையை அச்சுதருக்காகக் காத்து நின்றவர் சாளுவ நரசிங்க நாயக்கர். செல்லப்பர் என்றும் அவரை அழைப்பார்கள்.

இரண்டு ஆண்டுகள்கூடச் சரியாகக் கழியவில்லை. அதே செல்லப்பர் கலகம் செய்து தெற்கே திருவடி தேசத்து மன்னரிடம் தஞ்சம் புகுந்தார். அச்சுதராயர் திருப்பதி, காளஹஸ்தி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை வழியாகப் படையோடு இறங்கி வந்து திருவரங்கத்தில் தங்க, அவருடைய மைத்துனர் சலகராஜு திருமலை தாமிரபரணிவரை சென்று கலகத்தை அடக்கினார். வெற்றியைக் காளஹஸ்திக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. திருமலைக் கோயிலின் பிரதிமா மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரின் செப்புப் படிமத்தை நின்று பார்ப்பவர்கள் உண்டு. அங்கேயே கல்லில் கை கூப்பி நிற்கும் அச்சுதராயரையும் தேவி வரதாம்பிகையையும் தரிசன வரிசையின் நெருக்கடியில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

காத்தவரே கலகக்காரர் ஆனது எப்படி? அந்தக் காலத்து விசுவாசம் அவ்வளவுதான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. படை அமைக்கப்பட்டிருந்த முறையிலேயே கலகத்துக்கான வழி இருந்தது.

ஏறக்குறைய 1535இல் விஜயநகரத்தில் இருந்த பெர்னாவோ நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர் நாயக்கர்களின் பட்டியல் ஒன்றை எழுதி வைத்தார். முதல் பெயரே சாளுவ நாயக்கர். அவருக்கு விட்டிருந்த சீமையின் வருவாய் பதினோரு லட்சம் பொன். அதில் மூன்றில் ஒரு பங்கை ராயருக்குக் கட்ட வேண்டும். எந்நேரமும் 30,000 காலாள், 3,000 குதிரை, 30 யானை வைத்திருக்க வேண்டும். அமரநாயக்க முறையின் சாரம் இதுதான். நிலத்தை ராயர் நாயக்கருக்குக் கொடுப்பார்; அதிலிருந்து வரும் பணத்தில் நாயக்கர் படை வைத்துக்கொள்வார்; ராயர் ஓலை அனுப்பினால் அந்தப் படை புறப்படும். ராயருக்கெனத் தனிப் படையும் இருந்தது. ஆனால் பெருஞ்சேனை என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி இப்படித் திரண்டதே. சோறு போட்டவர், ஆள் எடுத்தவர், போரில் நடத்தியவர் மூவரும் ஒரே ஆள். அவர் திரும்பினால் முப்பதாயிரம் பேரும் திரும்ப வேண்டியதுதான்.

இதோடு ஒப்பிட, இன்றைய இந்தியத் தரைப்படையில் ஏறுவரிசை இப்படிப் போகும். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூன் சேர்ந்து ஏறக்குறைய 120 பேர் கொண்ட கம்பெனி, அதற்கு ஒரு மேஜர். நான்கு துப்பாக்கிக் கம்பெனிகளோடு சமையல், மருத்துவம், மோர்ட்டார், சிக்னல் எல்லாம் சேர்ந்தால் 800 பேர் அளவில் ஒரு பட்டாலியன், அதற்குக் கர்னல். அதன் மேல் பிரிகேட், டிவிஷன், லெப்டினன்ட் ஜெனரல் நடத்தும் கோர். எல்லாவற்றுக்கும் மேலே கமாண்ட், நாடு முழுக்க ஏழு. சித்தூரும் திருப்பதியும் புனேயிலுள்ள தென் கமாண்டின் கீழ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தட்சிண பாரத் ஏரியாவில் வருகின்றன.

இந்த ஏணி மட்டும் கதையைச் சொல்லாது. செல்லப்பர் படையிலும் பத்துக்கு ஒரு தலைவன், நூறுக்கு ஒரு தலைவன் இருந்திருப்பான். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய ஜவான் ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளில் நிற்கிறான். ஒன்று ரெஜிமெண்ட். அவனைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, தொப்பிச் சின்னம் கொடுத்து, ஓய்வு பெற்ற பிறகும் தன் ஆளாக நினைப்பது அது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அந்தத் தாய்வீடு நீலகிரியின் வெலிங்டன். ஆந்திரக்காரரும் தமிழரும் மலையாளியும் கன்னடியரும் அங்கேதான் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று ஒரே குரலில் முழங்கக் கற்கிறார்கள். மற்றொன்று போர்க்கள வரிசை. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மொத்தமாக எந்தப் போருக்கும் போவதில்லை. அதன் பட்டாலியன்கள் தனித்தனியே பிரிந்து, பிற ரெஜிமெண்டுகளின் பட்டாலியன்களோடு ஒரு பிரிகேடில் இணைந்து, யாரோ ஒரு பிரிகேடியரின் கீழ் போர் புரிகின்றன. சில ஆண்டுகளில் பிரிகேடியரும் மாறுவார், பட்டாலியனும் வேறிடம் போகும். ஊர்ப்பக்கம் ஓய்வு பெற்ற ஹவில்தார்களிடம் பேசினால் பட்டாலியன் எண்ணைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எந்த டிவிஷன் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள்.

1971 பாகிஸ்தான் போரின்போது டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றங்கரையில் இந்த இரட்டை வரிசை எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். முதலாம் கோர், அதன் கீழ் 54ஆவது டிவிஷன், அதன் கீழ் 47ஆவது பிரிகேட். ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் ஊன்றியவை 16 மெட்ராஸும் 3 கிரெனேடியர்ஸும். பின்னால் வர வேண்டிய டாங்கிகள் பூனா ஹார்ஸ் படையுடையவை. நடுவில் கண்ணிவெடி வயல். அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது 9ஆவது என்ஜினியர் ரெஜிமெண்ட், அதாவது மெட்ராஸ் சாப்பர்கள். வேலை பாதியில் இருக்கும்போதே எதிரி டாங்கிகள் நகரும் செய்தி வர, பூனா ஹார்ஸ் வெடிவயலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் மறுநாள் உயிர்கொடுத்தது இந்தப் போரில்தான். வெவ்வேறு தாய்வீடுகளைச் சேர்ந்த நான்கு படைகள் ஓர் இரவுக்குள் ஒரே கையின் விரல்களாக இயங்கின. அவற்றில் எதுவும் எந்தத் தளபதிக்கும் சொந்தமில்லை. செல்லப்பருக்கு இருந்த வசதி ஒரு பிரிகேடியருக்கோ கோர் கமாண்டருக்கோ இல்லாமல் போனது தற்செயல் அல்ல. ஆள் எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் போரில் நடத்துவதும் மூன்று வெவ்வேறு கைகளுக்குப் போயின.

ஒரு தலைவனின் சாவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் அலி இறந்தார். மகன் திப்பு அப்போது மலபாரில். ஹைதரின் படை நாயக்கர் படையைவிட நவீனமானது, கட்டுக்கோப்பானது. ஆனாலும் செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று அமைச்சர்கள் பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் அஞ்சினார்கள். உடலை நறுமணப் பொருள்கள் நிரப்பிய பெட்டியில் வைத்து, விலையுயர்ந்த சரக்கை அனுப்புவதுபோலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். அதற்குள்ளேயே இளைய மகனை அரியணையேற்ற ஒரு சதி முளைத்து, நசுக்கப்பட்டது.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்தார். அவரோடு இறந்தவர்களில் ஒருவர் அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிப் பக்கத்து இளைஞர், லான்ஸ் நாயக். அன்று மாலையே நாடு முழுதும் செய்தி அறிவிக்கப்பட்டது. ராவத்தின் பதவி ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகவே இருந்தது. அப்பதவியில் இருப்பவர் படைகளை நேரடியாகப் போரில் நடத்துபவர் அல்லர் என்பது உண்மையே. என்றாலும் நாட்டின் முதல் படைவீரர் போன பிறகு எந்த எல்லையிலும் ஒரு கம்பெனிகூட யாருக்குக் கீழ்ப்படிவது என்று தடுமாறவில்லை. ஹைதரின் அமைச்சர்கள் இதைக் கண்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

பழைய முறை தானாக உதிரவில்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினிக்கு 1639இல் இடம் கொடுத்தவர்களே காளஹஸ்தி தாமர்லா வம்சத்து நாயக்கர்கள். அந்த இடத்தில் எழுந்த கோட்டையில்தான் 1758இல் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகக் கட்டத் தொடங்கினார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அங்கிருந்து கணக்கிடுகிறது. 1780 செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் ஹைதரிடம் கும்பினி நொறுங்கிய இருபதாவது நாள், மெட்ராஸ் சாப்பர்களின் முதல் இரண்டு கம்பெனிகள் எழுந்தன. 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் முழுக்கக் கும்பினி கைக்குப் போனதும், சித்தூர்ப் பாளையங்களின் கட்டுப்படிச் சேவகர்களுக்கு வேலை இல்லாமல் போனது. குறைந்த தீர்வைக்கு நிலம் வைத்துக்கொண்டு, பாளையக்காரர் கூப்பிட்டால் ஆயுதத்தோடு வந்து நின்றவர்கள் அவர்கள். 1804இல் சித்தூர்ப் பாளையக்காரர்கள் எதிர்த்து எழுந்தபோது அவர்களோடு நின்றவர்களும் இவர்களே. எழுச்சி அடக்கப்பட்டது, பாளையங்கள் பறிபோயின. பாளையக்காரர்களைப் பற்றி ஆவணங்கள் நிறையப் பேசுகின்றன, சேவகன் என்ன ஆனான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. படையில் நின்றதால் கிடைத்த நிலம், படை போனதும் போயிற்று.

நாயக்கர் முறைக்கு இருந்த ஒரு நல்ல பக்கம் இங்கே தெரிகிறது. வீரனுக்கும் படைக்கும் இருந்த உறவு வாழ்நாள் உறவு. ரெஜிமெண்ட் முறை அதே உறவை நிலத்துக்குப் பதிலாக நீண்ட சேவையாலும் பென்ஷனாலும் கட்டிக் காத்தது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. நான்கு ஆண்டுச் சேவை, முடிவில் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் இல்லை, நான்கில் ஒருவருக்கு மட்டும் நிரந்தர இடம். பென்ஷன் செலவும் படையின் சராசரி வயதும் குறைய வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தளபதிகள் மாறிக்கொண்டே இருக்கும் படையில், மாறாமல் இருக்க வேண்டியது பட்டாலியனின் பழைய ஹவில்தார்கள், நாயக்குகள். பசந்தரில் இருட்டில் வெடிவயலைத் துழாவிய கைகள் நான்கு ஆண்டில் பழகும் கைகள் அல்ல. காலாட்படையில் நிரந்தரமாகத் தக்கவைக்கும் அளவைப் பாதிக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும், சாப்பர், சிக்னல் போன்ற நுட்பப் பிரிவுகளில் அதற்கும் மேலே. முதல் அணி நான்கு ஆண்டு முடித்து வெளியே வருவதற்குள் இது நடக்க வேண்டும்.