ஊட்டி ரேடியோ தொலைநோக்கியின் மின்னணு மேம்பாடுகள்

ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையின் மலைச்சரிவில் 1970 முதல் இயங்கிவரும் வானியல் கருவி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் இதை நடத்துகிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் இது ஆய்வுக்கு உதவுவதற்குக் காரணம், இரும்புச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அலையை வாங்கிப் பெருக்கிக் கணக்கிடும் மின்னணுப் பகுதியை மட்டும் அவ்வப்போது கழற்றிப் புதிதாக்கியதுதான்.

இவ்வழக்கம் முத்தோரைக்கு முன்பே தொடங்கியது. கருவியை வடிவமைத்த கோவிந்த் ஸ்வரூப், ஆஸ்திரேலியாவின் பாட்ஸ் ஹில் நிலையத்தில் வேலை முடிந்து கிடந்த 1.8 மீட்டர் விட்டமுள்ள 32 கிண்ண ஆன்டெனாக்களை இந்தியாவுக்குப் பெறச் செய்தார். அவற்றைக் கொண்டு 1965-இல் மும்பை அருகே கல்யாணில் சூரியனை ஆராயும் நிலையம் எழுந்தது. இந்திய ரேடியோ வானியலின் முதல் பள்ளிக்கூடம் அதுவே. பழைய கருவியைத் தூக்கியெறியாமல் அதிலிருந்து புது வேலை வாங்கும் துணிவு அங்கேதான் பழகியது என்று சொல்லலாம்.

கருவியின் அமைப்பு

முத்தோரை கருவி வட்டக் கிண்ணமல்ல. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட, குறுக்கில் வளைந்த பரவளைய உருளை. 24 சட்டங்களின் மேல் ஏறத்தாழ 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அலைகளைத் திருப்பி அனுப்பும் பரப்பு அவைதாம். உதகை சுமார் 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதே அளவு சாய்வுள்ள, வடக்கு தெற்காக ஓடும் சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் உருளையைக் கிடத்தியதால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. உருளையைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானிலுள்ள ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம்வரை தொடர்ந்து பின்பற்றலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாட்டுக்கே கிடைக்கும் இந்த வாய்ப்பை இவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்தியது அருமையான பொறியியல்.

வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்த இயந்திரம் எதுவும் இல்லை. உருளையின் குவியக் கோட்டில் வரிசையாக நிற்கும் டைபோல்கள் எனும் சிறு இருமுனை ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றும் பெறும் அலையைச் சிறிதளவு முன்னும் பின்னும் தள்ளிச் சேர்ப்பதால் பார்வை நகர்கிறது. கிண்ண ஆன்டெனாவில் மின்னணுப் பகுதிக்கு வேலை கேட்பது மட்டும். இங்கோ திசை திருப்புவதில் பாதியும் அதன் பொறுப்பு. ஆகவே மின்னணுப் பகுதி பழையதானால் தொலைநோக்கியே பழையதாகிவிடும்.

1992-இன் புதிய ஏற்பு வரிசை

இன்றுள்ள டைபோல் வரிசை 1992-இல் பொருத்தப்பட்டது. கருவி தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது. இதில் 1,056 டைபோல்கள் இருக்கின்றன. வானிலிருந்து வரும் ரேடியோ அலை மிக மிக நலிந்தது. அதைப் பெருக்கும் முன் கம்பிகள் வழியாக இழுத்துச் சென்றால், வழியிலேயே ஒரு பங்கு தொலைந்து, கம்பியின் வெப்ப இரைச்சலும் கலந்துவிடும். பிறகு எவ்வளவு பெருக்கினாலும் தொலைந்தது திரும்பாது. புதிய வரிசையில் ஒவ்வொரு டைபோலின் பின்னாலும் காலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டரால் ஆன குறை இரைச்சல் பெருக்கி வைக்கப்பட்டது. அதாவது அலை வந்து சேரும் இடத்திலேயே பெருக்கப்படுகிறது. அதனுடன் நான்கு பிட் கட்ட மாற்றி ஒன்றும் உண்டு. PIN வகை டையோடுகள் மின்சாரத்தால் திறந்து மூட, அலையின் கட்டத்தை 22.5 பாகைப் படிகளாக 16 நிலைகளில் மாற்றலாம். 48 டைபோல்கள் சேர்ந்து ஒரு தொகுதி. மொத்தம் 22 தொகுதிகள். கருவியின் உணர்திறன் வெகுவாக உயர்ந்தது. எஃகுச் சட்டத்தில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

அகன்ற பார்வைத் திட்டம்

அடுத்த பெரிய மேம்பாடு கணினி சார்ந்தது. 48 டைபோல்களின் அலைகளை வெளியிலேயே கூட்டி ஒன்றாக்கிவிட்டால், அந்தத் தொகுதி வானில் ஒரு குறுகிய பட்டையைத்தான் பார்க்கும். கூட்டாமல் தனித்தனியே எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுத்தால், எத்திசையில் பார்ப்பது என்பதைப் பின்னால் கணக்கிலேயே முடிவு செய்துகொள்ளலாம். ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து முதற்கட்டமாக 24 டைபோல்கள் கொண்ட 40 அலகுகள் அமைந்தன. அடுத்த கட்டத்தில் நான்கு டைபோல்களே ஓர் ஆன்டெனாவாகக் கருதப்பட்டு, மொத்தம் 264 ஆன்டெனாக்கள் ஆகின்றன. ஒவ்வொன்றின் நீளமும் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் அதன் பார்வை வடக்கு தெற்காக 27 பாகை விரிகிறது. அலைப்பட்டையின் அகலமும் 38 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்கிறது. ஒவ்வோர் ஆன்டெனாவையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும்; அப்படி 34,716 இணைகள் வருகின்றன. தொலைநோக்கியின் அருகிலேயே எண்களாக்கப்படும் அலைகள் ஒளியிழை வழியாகக் கணினித் தொகுப்புக்குச் செல்கின்றன.

இதில் சிக்கலும் உண்டு. இந்த அதிர்வெண் பகுதியில் 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரைதான் வானியலுக்கென ஒதுக்கப்பட்ட பட்டை; கருவியின் நடு அதிர்வெண்ணான 326.5 அதற்குள் அமைகிறது. பட்டையை அகலப்படுத்தினால் மனிதர் பயன்படுத்தும் ஒலிபரப்புகளும் உள்ளே வரும். அவற்றை இனம்கண்டு விலக்கும் மென்பொருளின்றி இந்த மேம்பாட்டால் முழுப்பயன் இல்லை. கருவி நிற்பது திறந்தவெளி மலைச்சரிவு. தென்மேற்கு, வடகிழக்கு இரு பருவமழைகளையும், ஈர மூடுபனியையும், குளிர்கால உறைபனியையும் 1,056 பெருக்கிகளும் தாங்க வேண்டும். இணைப்பு ஒன்றில் ஈரம் ஏறினாலும் அந்த டைபோலின் அலை கெடும். பராமரிப்பாளர் கையில் திருகுளியோடு ஏறி நிற்கும் அன்றாட வேலை, ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறாவிட்டாலும் அவற்றின் அடித்தளம்.

பயன்

தொடக்கத்தில் இக்கருவியின் முதல் வேலை நிலா மறைப்பு ஆய்வு. தொலைதூர ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும் கணத்தில் அலை குறையும் விதத்தை அளந்து மூலத்தின் அமைப்பை அறியலாம். பின்னர் பல்சார்களும் சூரியக் காற்றும் முதன்மை பெற்றன. காற்றுமண்டலத்தில் நட்சத்திரம் மினுக்குவது போல, சூரியக் காற்றைக் கடந்துவரும் ரேடியோ மூலங்களும் மினுக்குகின்றன. அதை நாள்தோறும் பல மூலங்களில் அளந்து, பூமியை நோக்கி வரும் சூரியப் பொருளின் வேகத்தைக் கணிக்கலாம். செயற்கைக்கோள்களுக்கும் மின்கட்டமைப்புக்கும் இது தேவையான செய்தி. அகன்ற பார்வைத் திட்டத்தின் இன்னொரு குறி, 1,100 கோடி ஆண்டுகளுக்கும் முன் கிளம்பிய ஹைட்ரஜன் அலை. 1,420 மெகாஹெர்ட்ஸில் பிறந்த அது, பிரபஞ்சம் விரிந்ததால் நாலேகால் மடங்குக்குமேல் நீண்டு, இக்கருவியின் அதிர்வெண்ணிலேயே வந்து சேர்கிறது.

ஸ்வரூப் 2020 செப்டம்பர் 7 அன்று மறைந்தார். புனே அருகே கோடாட்டில் அவர் உருவாக்கிய மாபெரும் மீட்டர்அலை ரேடியோ தொலைநோக்கியிலும் முத்தோரையில் கையாண்ட வழியே பின்பற்றப்பட்டது: 30 ஆன்டெனாக்களும் அப்படியே நிற்க, ஏற்பிகளும் கணக்கீட்டுப் பகுதியும் மாற்றப்பட்டு, 32 மெகாஹெர்ட்ஸாக இருந்த பட்டை அகலம் 400 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தப்பட்டது.