தாழி சொல்லும் சேதி

முதுமக்கள் தாழி என்ற பெயர் காதில் விழுந்ததும், நம் ஊர்ப்புறங்களில் ஒரு கதையும் கூடவே கிளம்பிவிடும். அந்தக் காலத்து மக்கள் அளவுக்கு மீறி நெடுநாள் வாழ்ந்தனராம். சாவு வராமலே உடல் சுருங்கிக் குழந்தைபோல் ஆகிவிடுவராம். வைத்துக் காக்க முடியாத வீட்டார் அவர்களைப் பெரிய பானையில் உட்காரவைத்து, சோறும் நீரும் விளக்கும் உடன்வைத்து, உயிரோடே புதைத்துவிடுவராம்! பாட்டி பேரனுக்குச் சொன்ன கதை. பேரன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் கேட்கும் கதை. சுவையான கதைதான். ஆனால், சுவை வேறு, உண்மை வேறு. தாழியையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போமே!

சாட்சியைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. மதுரைச் சமவெளியின் மண்ணிலேயே அது புதைந்து கிடக்கிறது. ஆனையூருக்கு அருகே பரவையிலும், நகரின் மறுபுறம் அனுப்பானடியிலும் இருந்த தாழிகளைப் பற்றி அலெக்சாண்டர் ரீ எழுதிவைத்தார். பழங்காநத்தத்தை அடுத்த கோவலன் பொட்டலில் 1980-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோதும் தாழிகள் வெளிப்பட்டன. கீழடி மக்களின் இடுகாடு என்று கருதப்படும் கொந்தகையில் 2020-இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்தது. நெடுநாள் வாழ்ந்து சுருங்கிய கிழவரைத்தான் அங்கே புதைத்தார்கள் என்றால், அந்தக் குழந்தை எந்தக் கிழவர்? தமிழகத்துத் தாழிகள் பலவற்றில் முழு உடலும் இல்லை. மண்டையோடும் பொறுக்கி வைத்த சில எலும்புகளுமே உள்ளன. உயிரோடு உட்காரவைத்தவரின் எலும்பை யார் பொறுக்கினார்கள்? பாட்டி கதை அங்கேயே பொடிபடுகிறது.

தாழி, இறந்தோர்க்கு ஆன கலம். கணவனை இழந்த பெண்ணொருத்தி குயவனை நோக்கி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. மணிமேகலையோ பிணத்தை அடக்கும் முறைகள் ஐந்தினை அடுக்கிக் கூறுகிறது. சுடுவது அவற்றுள் ஒன்று, தாழியில் கவிப்பது மற்றொன்று. ஒரே சடங்குதான் ஆதிநாள் தொட்டு அனைவர்க்கும் உண்டு என்று பேசுவோர், இந்த ஐந்தையும் எண்ணிப் பார்க்கட்டும்.

தாழியின் உள்ளும் புறமும் வைத்த கலங்களைக் காணுங்கள்: கிண்ணங்கள், தட்டுகள், குடுவைகள், அடி உருண்ட கலங்களை நிறுத்தப் பிரிமனைகள். பல கலங்கள் உள்ளே கருமை, வெளியே செம்மை. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறம் கறுக்கிறது, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கிறது என்பர் அறிஞர். இரும்பை உருக்கிய காலத்திலேயே நெருப்பின் நெளிவுசுளிவை அறிந்த கை, அந்தக் குயவனின் கை! அவன் கைவண்ணத்தைக் கண்டு நாம் பெருமிதம் கொள்வதில் தவறே இல்லை.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் ஒரு புதைகுழி. அங்கே நான்கு கால் கொண்ட சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வு காட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த உமி கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. நம் தொன்மைக்குச் சான்று என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும்! ஆனால், அந்த நெல் இன்னொன்றும் சொல்கிறதே, அது நம் செவியில் ஏறியதா?

இறந்தவனுக்குப் பசிக்கும் என்று நம்பி வைத்த நெல் அது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் காத்திருந்தது. உண்பார் யாரும் வரவில்லை! பிணத்துக்குப் பசியில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எந்த ஏட்டில் உண்டு?

இந்த நம்பிக்கை நம் முன்னோர்க்கு மட்டும் உரியதன்று. சீனத்தில் அன்யாங் என்னுமிடத்தில் 1976-இல் திறக்கப்பட்ட பூ ஹாவோ என்ற அரசியின் கல்லறையில், இருநூறுக்கு மேற்பட்ட வெண்கலச் சடங்குக் கலங்கள் இருந்தன. அவளுடன் பலியிடப்பட்ட பதினாறு மனிதர்களும் கிடந்தனர். இங்கிலாந்தில் சட்டன் ஹூவில் 1939-இல் வெளிப்பட்ட ஏழாம் நூற்றாண்டுக் கப்பற் புதைகுழியில், கொப்பரைகளோடு பத்து வெள்ளிக் கிண்ணங்கள் இருந்தன. நாடு வேறு, மொழி வேறு, நம்பிக்கை ஒன்றே.

ஏற்றத்தாழ்வும் ஒன்றே! ஆதிச்சநல்லூரில் ரீ 1899 முதல் அகழ்ந்தபோது, பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், வேலைப்பாடு மிக்க வெண்கலக் கலங்களும் கிடைத்தன. ஆனால் அவை எல்லாத் தாழிக்கும் கிட்டவில்லை. பலருக்கு வாய்த்தவை மண்கலங்களே. பொன் பூண்டவனும் மண்ணோடு மண்ணானான், பூணாதவனும் மண்ணோடு மண்ணானான். பிற்காலத்தில் வேந்தர்க்குப் பள்ளிப்படைக் கோயில் எழுந்தது. முதலாம் ஆதித்த சோழனுக்கு அவன் மகன் பராந்தகன் தொண்டைமானாற்றூரில் எழுப்பினான். உழுதவனுக்கு அப்படி யார் எழுப்பினார்?

பழையோரை ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. மாண்ட குழந்தைக்கு ஒரு கிண்ணம் வைத்த தாயின் அன்பு மெய். பசிக்கும் என்ற எண்ணமே பொய். அன்றைய அறிவின் எல்லை அது. அறிவியல் வளர்ந்த நாளில் வாழும் நமக்கு அந்தச் சமாதானம் செல்லுமா?

தாழியின் தொன்மையை மேடையில் பேசிவிட்டு வீடு திரும்பும் இளைஞன், தந்தை மறைந்த அன்று என்ன செய்கிறான்? குடத்தில் ஓட்டையிட்டுச் சுற்றிவந்து உடைக்கிறான். பதினாறாம் நாள் அரிசியும் காயும் பணமும் பிறர் கைக்குப் போகின்றன. கடன்சீட்டு மட்டும் அவன் கையில் தங்குகிறது. உயிரோடிருந்தபோது தந்தைக்கு மருந்து வாங்க இல்லாத பணம், மாண்டபின் சடங்குக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது! கேட்டால், "முன்னோர் வழக்கம்" என்கிறான். முன்னோர் வழக்கம் ஐந்து என்கிறதே மணிமேகலை. எதை, ஏன் தேர்ந்தான் என்று ஒருநாளாவது எண்ணினானா?

தோழர்களே! அடுத்தமுறை அகழ்வைப்பகத்தில் தாழியின் முன்னே நிற்கும்போது, அதை வனைந்த கையை வாழ்த்துங்கள். அதனருகே அழுத கண்ணை மதியுங்கள். உண்ணப்படாத அந்த நெல்லையும் மறவாதீர்கள். நெல் வேண்டியது உயிரோடிருக்கும் வயிற்றுக்கு. கிழத் தந்தைக்கு இன்றே ஒரு பிடி சோறு, பக்கத்துக் குடிசைப் பிள்ளைக்கு ஒரு பாடப்புத்தகம் - தாழிக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி அதுதான்.