துணைவரின் குற்றமும் வரலாற்றாசிரியரின் கடமையும்

அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்தம் துணைவர் தொழிலில் இழைத்த குற்றத்தையும் குறித்தல் வேண்டுமா? ஒருவர் பிழைக்கு மற்றொருவர் பொறுப்பாகார் என்பது அறம். எனினும், அமெரிக்க அரசியலார் ஜெரால்டின் ஃபெராரோவின் வரலாறு இவ்வினாவை அத்துணை எளிதாக முடிக்க விடுவதில்லை.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து 1978இல் காங்கிரசுக்குத் தேர்வு பெற்ற இவ்வம்மையார், 1984 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். பெருங்கட்சியொன்று அவ்விடத்திற்கு நிறுத்திய முதற் பெண்மணி இவரே. கணவர் ஜான் சக்காரோ நில, கட்டட வணிகர். முதிய பெண்மணி ஒருவரின் சொத்துக்கு நீதிமன்றம் அவரைக் காப்பாளராக அமர்த்தியிருந்தது. அச்சொத்திலிருந்தே கடன் எடுத்தமையால், 1984 ஆகஸ்டில் அப்பொறுப்பினின்று நீக்கப்பட்டார். கட்டடங்கள் வாங்கக் கடன் பெறுவதில் செய்த மோசடியை 1985 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். 150 மணி நேரச் சமூகப் பணி தண்டனையாயிற்று.

இவை கணவரின் செயல்கள். இவ்வளவோடு நின்றிருப்பின் ஓர் அடிக்குறிப்பே போதும். ஆயின், காங்கிரஸ் உறுப்பினர் தம் துணைவரின் சொத்து விவரத்தையும் வெளியிட வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டுச் சட்டம். துணைவரின் வரவு செலவை அறியாதவர்க்கும் அதனால் பயன் பெறாதவர்க்குமே விலக்கு உண்டு. ஃபெராரோ அவ்விலக்கைக் கோரினார். அவரோ கணவரின் நிறுவனத்தில் பொறுப்பும் பங்கும் உடையவர். 1984 டிசம்பரில் பிரதிநிதிகள் அவையின் ஒழுக்கக் குழு, அவர் சட்டத்தை நிறைவு செய்யவில்லை என முடிவு கூறியது. இவ்விடத்தில் கணவரின் கணக்கு மனைவியின் பொதுக்கடமையாகி விடுகிறது. அதை விடுத்து எழுதுவது வரலாறாகாது, புகழ்மாலையே ஆகும்.

குறிப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது தேர்தலுக்குப் பின்னர். அதனைத் தோல்விக்குக் காரணமாக்குதல் காலமுறைக்கு மாறானது. ரீகன் 49 மாநிலங்களை வென்ற தேர்தலில், தோல்வியை ஒரு குடும்பத்தின் கணக்கேட்டில் தேடுவதும் பொருந்தாது. வேறொரு வழக்கில் சக்காரோ 1987இல் விடுதலை பெற்றார் என்பதையும் உடன் எழுதுதல் நடுவுநிலை.

ஆகவே, துணைவரின் குற்றம் தலைவரின் கடமையை எங்குத் தொடுகிறதோ அங்கு அது இடம்பெறுதல் வேண்டும். தொடாத இடத்தில் அது வெறும் வம்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே வாழ்க்கை வரலாற்றாசிரியரின் முதற் பணியாகும்.