காவிரிக்கரைச் சாயக்கழிவும் உலோகக் கரிமச் சட்டகங்களும்

குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைக் கழிவு காவிரியை எப்படிக் கெடுத்தது என்பதும், சேலத்துக் கழிவு திருமணிமுத்தாற்றை என்ன செய்தது என்பதும் இவ்வட்டாரம் நன்கறிந்தவை. அக்கழிவுநீரை வெயிலைக் கொண்டே தெளிவிக்கலாம் என்ற நம்பிக்கையில், உலோக அயனிகளும் கரிம ஈனிகளும் (இணைப்பு மூலக்கூறுகளும்) கோத்த நுண்துளைப் படிகங்களான உலோகக் கரிமச் சட்டகங்கள் ஒளிவினையூக்கிகளாக ஆராயப்படுகின்றன. இச்சட்டகங்களுக்காக கிடகாவா, ராப்சன், யாகி மூவரும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், இத்துறையில் வழக்கமாகிவிட்ட சோதனைமுறை நம் சாயக்கழிவுக்கு விடை தராது என்பதே என் வாதம்.

ஒளியிலிருந்து தொடங்குவோம். வழக்கமான ஒளிவினையூக்கியான அனடேஸ் வகை டைட்டானியம் டைஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதனால் ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் மட்டுமே அதற்குப் பயன்படும். வெயிலில் புறஊதாவின் பங்கோ சுமார் 5 விழுக்காடுதான். சட்டகங்களில் ஈனியை மாற்றி இக்குறையைப் போக்கலாம். யு.ஐ.ஓ-66 என்னும் சிர்கோனியம் சட்டகத்தின் ஈனியில் அமினோ தொகுதியைச் சேர்த்தால் வெண்பொடி மஞ்சளாகிக் கண்ணுறு ஒளியை உறிஞ்சும். ஆனால், உறிஞ்சியதெல்லாம் வினைக்குப் போய்ச் சேர்வதில்லை. சிர்கோனியத்தின் 4டி ஆர்பிட்டல்கள் ஆற்றலில் உயர்ந்திருப்பதால், கிளர்ந்த எலக்ட்ரான் பெரும்பாலும் ஈனியிலேயே நின்று, தான் விட்டுவந்த நேர்மின் துளையோடு மீண்டும் சேர்ந்துவிடுகிறது. அதே ஈனி டைட்டானியத்தோடு இணையும் எம்.ஐ.எல்-125 சட்டகத்தில் எலக்ட்ரான் உலோகத்துக்குப் பெயர்கிறது. அங்கே மூவிணைதிற டைட்டானியம் உண்டாவதை எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு காட்டுகிறது. நிறம் ஒன்றுதான், மின்சுமைப் பெயர்வு வேறு. உறிஞ்சல் நிறமாலையை மட்டும் வைத்து வினையூக்கியைத் தேர்வது தவறு.

இதைவிடப் பெரிய தவறு சோதனைக் குடுவையில் இருக்கிறது. வடிநீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து, நிறம் மறைந்ததும் வெற்றி என்கிறோம். மெத்திலீன் நீலம் சிறிய நேரயனிச் சாயம். தானே ஒளியை உறிஞ்சிச் சிதையவும் கூடியது. பருத்திக்கு இடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிரயனிகள். ரியாக்டிவ் பிளாக் 5-இன் மூலக்கூறு எடை 990-ஐத் தாண்டும், யு.ஐ.ஓ-66-இன் துளைவாயில் 6 ஆங்ஸ்ட்ராம் அளவே. அச்சாயம் உள்ளே நுழையாது. நாம் பெருமையோடு அளக்கும் உட்பரப்பில் பெரும்பகுதி வினையில் சேர்வதே இல்லை.

பட்டறை நீர் வடிநீருமல்ல. சாயமேற்ற லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு இடுவதுண்டு. சாயத்தைப் பிடிக்கவைக்கச் சோடா சேர்க்கிறார்கள். உப்பின் குளோரைடு அயனி, சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளைத் தின்றுவிடும். சோடாவின் காரம் உலோகத்துக்கும் கார்பாக்சிலேட்டுக்கும் இடையிலான பிணைப்பைத் தாக்கும். மலிவும் நச்சுக் குறைவும் உடைய இரும்புச் சட்டகங்களும் இக்காரத்தில் கரைந்து சிதைகின்றன. மேலும், வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருளுக்கான வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். நிறத்தை முழுதும் அகற்றினாலும் எந்த ஒளிவினையூக்கியும் உப்பைக் குறைக்காது. ஆகவே ஒளிவினையூக்கியின் இடம் ஆற்றங்கரை அல்ல, பட்டறைக்குள்ளே: உப்புநீரின் நிறத்தை நீக்கி, அதையே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பும் கட்டம்.

அக்கட்டத்தில் சட்டகம் தாங்குமா என்பதைச் சோதிக்க வேறு அளவீடுகள் வேண்டும். இருளில் பரப்பு கவர்ந்த சாயம் எவ்வளவு, மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது, நீரில் கசிந்த உலோகம் எவ்வளவு என்பவற்றை உப்பும் சோடாவும் உள்ள உண்மைக் கழிவில் அளந்து வெளியிடுங்கள் என்று சேலம், நாமக்கல் வேதியியல் துறைகளை வேண்டுகிறேன்.