வைரஸ் எழுதிய ஏடு

பழந்தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள், ஒரே நூலின் பல பிரதிகளை அருகருகே வைத்துப் பாட வேறுபாடுகளைக் குறித்துக்கொள்வர். இரு பிரதிகளில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஊகிப்பர். கொரோனா வைரஸின் வரலாற்றை அறிவியலார் அறிந்த முறையும் ஏறக்குறைய இதுவே.

2020 ஜனவரியில் சீன அறிவியலார் இவ்வைரஸின் மரபணு வரிசையை முதன்முதலில் வெளியிட்டனர். ஆர்.என்.ஏ. இழையில், நான்கே வகை எழுத்துகளில், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஏடு அது. வைரஸ் பெருகும்போதெல்லாம் இந்த ஏடு படியெடுக்கப்படுகின்றது. பிழை திருத்தும் நொதி ஒன்று இருப்பினும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. ஒரு பரம்பரையில் மாதத்திற்குச் சுமார் இரண்டு மாற்றங்கள் நிலைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை. மிகச் சில வைரஸுக்கு உதவின. 1,273 அமினோ அமிலங்களால் ஆன அதன் முட்புரதத்தில், 614-ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்திற்குப் பதிலாகக் கிளைசின் அமைந்தது அத்தகைய ஒன்று. 2020-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் இத்திரிபு உலகெங்கும் மேலோங்கிவிட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் ஒரு வியப்பு காத்திருந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 17 மாற்றங்களை ஒருசேரப் பெற்ற கிளை ஒன்று வேகமாகப் பரவக் கண்டனர். பழைய மாதிரிகளைத் தேடியபோது, செப்டம்பரிலேயே அது தோன்றியிருந்தது தெரிந்தது. இதுவே பின்னர் ஆல்பா எனப்பட்டது. இதன் முட்புரத மரபணுவில் ஆறு எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஆதலால் வைரஸின் மூன்று பகுதிகளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை ஒன்றில், இரண்டு தென்பட்டு மூன்றாவது மட்டும் தென்படாமற் போயிற்று. சோதனையின் இந்தக் குறையே ஆல்பாவின் பரவலை அளக்கும் கருவியாயிற்று!

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாநில ஆய்வகங்களில் இதே அடையாளம் மீண்டும் தென்பட்டது. அப்போது அங்கு மேலோங்கியிருந்த டெல்டாவில் இவ்விடுபாடு பொதுவாக இல்லை. போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மரபணு வரிசையைப் படித்தவர்கள், முட்புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கண்டனர். இக்கிளை டெல்டாவின் வழித்தோன்றல் அன்று. நெடுநாட்களுக்கு முன்பே பிரிந்து, ஆய்வாளர் கண்ணிற்படாமல் வளர்ந்தது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் பல மாதங்கள் தங்கி மாறியிருக்கலாம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

நவம்பர் 24-இல் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்திற்குச் செய்தி தெரிவித்தது. இரண்டு நாட்களில் ஒமிக்ரான் என்ற பெயர் சூட்டப்பட்டது. உடனே பல நாடுகள் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வரும் பயணிகளுக்குத் தடை விதித்தன. ஆனால் அம்மாத இறுதியில் நெதர்லாந்து ஒரு செய்தியை வெளியிட்டது. அங்கே நவம்பர் 19, 23 ஆகிய நாட்களில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்ததாம்! முதலில் கண்டு சொன்ன நாட்டையே முதலில் பிறந்த நாடாக உலகம் எண்ணிவிட்டது.

மரபணு வரிசை, நடந்ததைச் சொல்லும். நடக்கப்போவதை முன்கூட்டி உரைக்காது. நடந்ததை அறிவதற்கும், மாதிரியைப் படிக்கும் கைகளும் படித்ததை மறைக்காத மனமும் வேண்டும். உண்மையை விரைந்து சொன்னவர் அதற்காக இழப்பை ஏற்க நேர்ந்தால், அடுத்த திரிபைப் பற்றி யார் விரைந்து சொல்வார்?