அடிக்கல்லுக்கும் பயனுக்கும் இடையே: நெய்வேலி, 1957–1961

பெருந்தொழில்களின் வரலாற்றை எழுதுவோர், பணி தொடங்கிய நாளையும் பயன் விளைந்த நாளையும் குறித்து அமைவர். இடைப்பட்ட காலம் ஏட்டில் ஏறுவது அரிது. தொலைவிலுள்ள சிற்றூரொன்றில், விண்ணில் ஏவூர்தி எழுமுன் ஆயத்தம் செய்வோரின் உழைப்பும், சுரங்கத்தில் கரி தோன்றுமுன் மண் அகற்றுவோரின் உழைப்பும் இவ்வகையில் ஓரினத்தனவே. நெய்வேலியைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நெய்வேலிப் பகுதியில் 1930களில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி வெளிப்பட்டதோ 1961 ஆகஸ்டு 24 அன்று. இடையே நான்கு ஆண்டுகளும் மூன்று திங்களும் கழிந்தன.

இக்காலத் தாழ்வுக்கு நிலத்தின் இயல்பே பெருங்காரணம் எனலாம். கரியின் மேல் கடலூர் மணற்கல் தடித்துக் கிடந்தது. அதனை அகழ்ந்த பொறிகளின் பற்கள் விரைவில் தேய்ந்தன. கரியின் கீழோ அழுத்தம் மிக்க ஊற்றுநீர் இருந்தது. மேலுள்ள மண்ணின் பாரம் நீங்கின், அந்நீர் சுரங்கத் தளத்தைப் பிளந்து எழும். ஆதலின் ஆழ்துளைகள் இட்டு இரவும் பகலும் நீர் இறைக்க வேண்டியதாயிற்று. நிலம் தந்து பெயர்ந்த குடிகளும், மண் அகழ்ந்த தொழிலாளரும் பயனைக் காணாமலே கழித்த காலம் இது.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவின் வரலாறு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நிலக்காந்த நடுக்கோட்டிற்கு அண்மையில் இருந்தமையால் அம்மீனவர் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆங்கிருந்த மரிய மகதலேனா தேவாலயம் அறிவியலாரின் பணியிடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி எழுந்தது. பின்னர் அத்தேவாலயமே விண்வெளிக் காட்சியகமாக, ஆயத்தக் காலத்தின் சான்றாய் நின்றது. நெய்வேலியிலோ ஊர் இருந்த நிலமே அகழப்பட்டது. ஆகவே சான்றும் மண்ணோடு பெயர்ந்தது. நிலமெடுப்பு ஆவணங்களிலும் மறைந்த ஊர்ப்பெயர்களிலும் முதியோர் நினைவிலுமே அதனைத் தேடவேண்டியுள்ளது.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடிக்கல்லுக்கும் முதல் ஏவலுக்கும் இடைப்பட்ட நாட்களின் வரலாற்றையேனும், அவ்வூர் மக்களின் வாய்மொழியோடு உடனுக்குடன் தொகுத்தல் வேண்டும். நெய்வேலியில் யாம் தவறவிட்டது அதுவே.