தஞ்சைப் பீரங்கியும் பட்டறை வெல்டிங்கும்

தஞ்சாவூர்க் கோட்டையின் கிழக்கு வாயிலை ஒட்டிய பீரங்கி மேட்டில் இராசகோபால பீரங்கி உள்ளது. இது நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்டது. நீளம் 7 மீட்டருக்கும் எடை 20 டன்னுக்கும் மேல். இதை வார்க்கவில்லை; துண்டு துண்டான இரும்பைக் காய்ச்சி, அடித்து, பற்றவைத்தே உருவாக்கினர்.

அன்றைய கொல்லருக்கு வேறு வழியும் இல்லை. இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கரியும் துருத்தியும் கொண்ட சிறு உலைகள் அதை எட்டவில்லை. அவற்றில் கிடைத்தது கசடு கலந்த, கடற்பஞ்சு போன்ற இரும்புக் கட்டி. அதைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்கிப் பட்டையாக்கினர். தமிழகத்தார் மூசையில் எஃகை உருக்க அறிந்தவர்களே. ஆனால் ஒரு மூசையில் கிடைப்பது கையடக்கமான வில்லை ஒன்றுதான். வெண்கலத்தில் வார்க்கலாம், செம்புக்குச் செலவு மிகுதி. டெல்டாவின் வண்டல் மண்ணில் இரும்புத் தாது கிடையாது என்பதால் இரும்பும் வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிக் குழலாக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை அடுத்தடுத்து மாட்டினர். வளையம் ஆறும்போது சுருங்கி உள்குழலை இறுக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பீரங்கியின் வாயருகே இந்த அடுக்குகளின் இணைப்புகளை இன்றும் காணலாம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் இரா. பாலசுப்பிரமணியம் குழுவினர் இதன் கட்டமைப்பை ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டனர்.

இரகுநாதர் 1620இல் தரங்கம்பாடியை டேனியருக்கு அளித்ததால், பீரங்கியிலும் அவர்கள் கை இருந்ததாகச் சிலர் கருதுவர். அது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. வளையமும் பட்டையும் கொண்டு பீரங்கி செய்யும் முறை ஐரோப்பாவிலும் இருந்தது; 1449இல் செய்யப்பட்டு, இப்போது எடின்பரோ கோட்டையில் உள்ள மோன்சு மெக் அதற்குச் சான்று. ஆனால் 1620 அளவில் அங்கே வார்ப்பிரும்புப் பீரங்கிகள் பரவிவிட்டன. டேனியர் கற்றுத்தந்திருந்தால் வார்ப்பையே கற்றுத்தந்திருப்பர்.

பற்றவைப்பின் பெரும் பகை, சூடான இரும்பின்மேல் படியும் ஆக்சைடு செதில். உலையில் அதை மணலோ வெண்காரமோ தூவி இளக்கி, அடியில் தெறித்து வெளியேறச் செய்வர். 1881இல் உருசியரான பெனார்தோசு கரிமுனையில் மின்வில் மூட்டி இரும்பை இணைத்தபோது, காற்றிலிருந்து இணைப்பைக் காக்கும் சிக்கல் மீண்டும் எழுந்தது. சுவீடனின் செல்பெரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பிமேல் பூச்சுப் பூசி அதைத் தீர்த்தார். இன்று வெல்டிங் முடிந்ததும் சுத்தியலால் தட்டி உதிர்க்கும் கசடு அந்தப் பூச்சுதான்.

டெல்டாவின் வெல்டிங் பட்டறைகளில் கனத்த டிரான்ஸ்பார்மர் எந்திரங்களுடன் சில கிலோ எடையுள்ள இன்வெர்ட்டர்களும் புகுந்துவிட்டன. வீட்டுப் பட்டறைக்கு இவையே ஏற்றவை. 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம் போதும். வாங்கும்போது எந்திரத்தில் அச்சிட்ட ஆம்பியரை மட்டும் நம்பலாகாது. 2.5 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மி.மீ. கம்பிக்கு 90 முதல் 130 ஆம்பியரும் வேண்டும். அந்த அளவில் பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் எந்திரம் ஓயாமல் எரியும் என்பதே முக்கியம். வீட்டுக் கம்பிகளின் தடிமனையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கம்பியில் வோல்ட் இறங்கினால் வில் நிலைக்காது.

வாயிற்கதவு, கலப்பைக் கொழு, டிராக்டரின் கேஜ் வீல் ஆகியவற்றுக்கு இது போதும். பழைய பம்புசெட்டின் வார்ப்பிரும்பு உடல் மட்டும் சாதாரணக் கம்பிக்கு இணங்காது. அதற்கு நிக்கல் கம்பியும், சிறுகச் சிறுக வைத்து மெல்ல ஆறவிடும் பொறுமையும் வேண்டும். இல்லையேல் ஒட்டின இடத்தின் ஓரத்திலேயே மறுபடி விரியும்.